பத்து நிமிஷப் பரீட்சையும் பல வருஷத் தாமதமும்

மனித தேகத்தைப் பீடிக்கும் வியாதிகளுள் மூளையைப் பற்றும் வியாதியே மிகக் கொடியது என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். அவற்றிலும் பூஞ்சையினால் விளையும் வியாதியானது வைத்தியர் கண்ணுக்கு எளிதில் புலப்படாமல் மறைந்து நின்று கொல்லும் இயல்புடையது. உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், மனிதருக்குப் பெருந்தீங்கு விளைக்கும் 19 பூஞ்சை இனங்களை வரிசைப்படுத்தி, முதன்முறையாக ஒரு ஜாபிதா வெளியிட்டது. அதில் அதி அபாயகரமானவை என்று குறிக்கப்பட்ட நான்கனுள் ஒன்று, மூளைச் சவ்வைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையாகும். 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அதே ஸ்தாபனம், இவ்வகை நோய்களைக் கண்டறியும் பரீட்சைகளும் தீர்க்கும் மருந்துகளும் உலகில் எவ்வளவு பற்றாக்குறையாக இருக்கின்றன என்பதை எடுத்துரைத்து அறிக்கைகள் வெளியிட்டது. ஒரு மந்திரி பதவி விலகினால் வாரக்கணக்காகப் பேசும் நமது அரசியல் உலகம், இவ்வறிக்கைகளைப் பற்றி ஒரு நாளேனும் உரக்கப் பேசியதாகத் தெரியவில்லை.

இது வைத்தியர்களின் விஷயம். அரசியல் ஊழியர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு நாம் கூறும் விடை இதுவே. ஒரு வியாதிக்குப் பரீட்சை கண்டுபிடிக்கப்படாமல் இருக்கும் வரையில் அது வைத்தியர்களின் விஷயம். பரீட்சை கண்டுபிடிக்கப்பட்டு, அதன் விலையும் சொற்பமாகி, அதன் பின்னரும் ஏழை ஜனங்கள் பரீட்சையின்றி மாள்வார்களாயின், அது அன்று முதல் ராஜாங்க விஷயமாகிவிடுகிறது. மூளையைப் பற்றும் பூஞ்சை நோய் இந்த இரண்டாவது நிலைமையை அடைந்து பல வருஷங்களாகின்றன. ஆதலின் இதைப் பற்றி ஆராய்ந்து அபிப்பிராயம் கூறுவது நமது கடமை என்று கருதுகிறோம்.

முதலில் நோயின் தன்மையை நேயர்கள் அறிந்துகொள்ளுதல் வேண்டும். கிரிப்டோகாக்கஸ் என்பது மண்ணிலும், புறா முதலிய பறவைகளின் எச்சத்திலும் வாழும் நுண்ணுயிர். அது மூச்சுடன் நுரையீரலுள் புகுகிறது. தேகவலிமையுள்ளவர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. எச்.ஐ.வி. கிருமியினால் நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடத்திலோ அது இரத்தத்தில் கலந்து மூளைச் சவ்வை அடைந்து பெருகுகிறது. தலைவலி, ஜுரம், வாந்தி, பார்வைக் குறைவு, புத்தி மயக்கம் என்று குறிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. இக்குறிகள் யாவும் க்ஷயரோகத்தினால் உண்டாகும் மூளைச் சவ்வு நோயிலும் தோன்றக்கூடியவையே. ஆகவே, வைத்தியர் ஒன்றை மற்றொன்றாக எண்ணி மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே நோயாளியின் ஆயுள் முடிந்துவிடுகிறது. 2020-ம் வருஷத்து நிலைமையைக் கணக்கிட்ட நிபுணர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களுள் வருஷந்தோறும் ஏறக்குறைய 1,52,000 பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்றும், அவர்களுள் 1,12,000 பேர் மரிக்கின்றனர் என்றும் கூறியிருக்கின்றனர். எய்ட்ஸ் மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு பூஞ்சையின் கணக்கில் சேர்கிறது.

இந்நோயைக் கண்டறியப் பழமையான வழி ஒன்று உண்டு. முதுகெலும்பின் இடையே ஊசி செலுத்தி எடுத்த நீரில் ஒரு துளி கரிய மசியைக் கலந்து பூதக்கண்ணாடியில் நோக்குவர். மசியின் கருமை பூஞ்சையின் மேலுறைக்குள் புகாததால், ஒவ்வோர் உயிரையும் சுற்றி வெண்மையான வளையம் ஒன்று தோன்றும். இம்மசிக்கு இங்கிலீஷ்காரர் இட்ட பெயர் இந்திய மசி என்பது. எளிய வழிதான், செலவும் இல்லை. ஆயினும் நீரில் பூஞ்சை குறைவாக இருக்கும்போது இது ஏமாற்றிவிடுகிறது. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் செய்த ஆராய்ச்சியொன்றின் முடிவு 2014-ம் வருஷம் வெளியாயிற்று. அதன்படி, நோயுள்ள நூறு பேரில் மசிப் பரீட்சை 86 பேரையே காட்டிக்கொடுத்தது. எஞ்சியவர்களை நோயில்லாதவர்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அவர்கள் கதி என்ன என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. நீரைப் பாத்திரத்தில் இட்டுப் பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பது மற்றொரு வழி. அதற்குப் பல நாட்கள் செல்லும். நோயோ அத்தனை நாட்கள் காத்திருப்பதில்லை.

இந்நிலையிலேதான் புதிய பரீட்சைகள் தோன்றின. பூஞ்சையை நேரில் காண முயலாமல், அது இரத்தத்திலும் முதுகெலும்பு நீரிலும் விட்டுச்செல்லும் அடையாளப் பொருளைத் தேடுவதே அவற்றின் தத்துவம். திருடனைக் கண்டவர் இல்லாவிட்டாலும் அவன் காலடிச் சுவட்டைக் கொண்டு அவனைப் பிடிக்கலாமன்றோ? கிரிப்டோகாக்கஸின் மேலுறை ஒருவகைச் சர்க்கரைத் தொடராலாயது. அத்தொடர் கரைந்து நீரிலும் இரத்தத்திலும் கலக்கிறது. அதைப் பற்றிக்கொள்ளும் மருந்து தடவிய ஒரு சிறு காகிதப் பட்டையைத் துளி நீரில் நனைத்தால், பத்து நிமிஷத்தில் கோடு தோன்றும். மின்சார யந்திரம் வேண்டாம். பெரிய நிபுணரும் வேண்டாம். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாகாணத்துக் கம்பெனி ஒன்று செய்த இப்பட்டை 2011-ம் வருஷத்தில் அந்நாட்டு அனுமதியைப் பெற்றது. முன்கூறிய 2014-ம் வருஷத்து ஆராய்ச்சியில் இது நூற்றுக்கு 99 பேரை வழுவாமல் காட்டிக்கொடுத்தது. ஒரு பட்டையின் விலை சில டாலர்களே.

இதனினும் அதிசயமான செய்தி ஒன்றுண்டு. தலைவலி தோன்றுவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே இவ்வடையாளப் பொருள் இரத்தத்தில் தென்பட்டுவிடுகிறது. ஆகவே எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவர்களின் இரத்தத்தை முன்கூட்டியே பரிசோதித்து, அடையாளம் கண்டவர்களுக்கு புளூகோனசோல் என்னும் மலிவான மாத்திரையைக் கொடுத்தால், பலருக்கு நோய் மூளைக்குச் செல்லுமுன்பே தடுத்துவிடலாம். தான்சானியாவிலும் ஜாம்பியாவிலும் இம்முறையோடு, தொண்டர்கள் நோயாளிகளின் வீடு தேடிச் சென்று ஆதரவளிக்கும் முறையையும் சேர்த்துச் செய்து பார்த்தார்கள். மரணங்கள் நூற்றுக்கு 28 வீதம் குறைந்தனவென்று 2015-ம் வருஷத்தில் தெரியவந்தது. தென்னாப்பிரிக்கா 2016-ம் வருஷம் முதல் தேசமெங்கும் இம்முறையை அனுஷ்டானத்துக்குக் கொண்டுவந்தது. செல்வம் மிக்க தேசங்களுக்கு ஆப்பிரிக்கர் வழிகாட்டிய விஷயங்களுள் இதுவும் ஒன்று என்பதை நாம் மகிழ்ச்சியுடன் குறிப்பிடுகிறோம்.

இது நிற்க. எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு இவ்வபாயம் இல்லையென்று எண்ணிவிடலாகாது. மனிதரின் பேராசையும் அஜாக்கிரதையுமே பூஞ்சையை மூளைக்குள் செலுத்திய சம்பவங்கள் பல. 2012-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவின் டென்னஸி மாகாணத்தில் ஒரு வைத்தியர், தம்மிடம் வந்த நோயாளியின் முதுகெலும்பு நீரில் பூஞ்சை இருக்கக் கண்டு சுகாதார இலாகாவுக்கு அறிவித்தார். விசாரித்ததில், மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து பிரேமிங்ஹாம் நகரிலிருந்த நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்னும் மருந்துச்சாலையில் தயாரித்து, முதுகுவலிக்காக ஊசிமூலம் செலுத்தப்பட்டு வந்த மருந்திலே பூஞ்சை கலந்திருந்தது வெளியாயிற்று. அம்மருந்தைப் பெற்றவர்கள் ஏறக்குறைய 14,000 பேர். 2013-ம் வருஷம் அக்டோபர் மாதத்துச் சர்க்கார் கணக்கின்படி நோயுற்றவர்கள் 753 பேர். மாண்டவர்கள் 64 பேர். மருந்துச்சாலையின் அதிபர் பாரி காடனுக்கு 2017-ம் வருஷத்தில் 9 வருஷச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் 2021-ம் வருஷத்தில் அது பதினான்கரை வருஷமாக உயர்த்தப்பட்டது. 2013-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அமெரிக்கப் பாராளுமன்றம் இதன் பொருட்டுப் புதிய சட்டமே செய்ய நேர்ந்தது.

மருந்தைப் பெற்ற பதினாலாயிரவருள் யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று எவ்வாறு அறிவது? அங்கேதான் மற்றோர் அடையாளப் பொருள் உதவிக்கு வந்தது. பல பூஞ்சைகளின் உடற்சுவர் பீட்டா குளூகான் என்னும் பொருளாலாயது. கடலில் வாழும் குதிரைலாட நண்டின் நீல நிற இரத்தம் இப்பொருள் பட்டவுடன் உறைந்துபோகும். அந்த உறையும் சக்தியைப் பிரித்தெடுத்தே இப்பரீட்சையை அமைத்திருக்கின்றனர். நோயுற்றோரின் முதுகெலும்பு நீரை இவ்வாறு சோதித்த அந்நாட்டுச் சர்க்கார் ஆராய்ச்சியாளர்கள், ஒரு மில்லி லிட்டர் நீரில் 138 பிக்கோகிராமுக்கு மேல் இப்பொருள் இருப்பின் நோய் உண்டு என்று கொள்ளலாமென 2014-ம் வருஷத்தில் வெளியிட்டனர். பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சங்கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய சாட்சியம் கொண்டு அவர்கள் நோயைப் பிடித்தது மட்டுமின்றி, மருந்தினால் அது குறைந்துவருகிறதா என்பதையும் அளந்தறிந்தார்கள். நம் நாட்டில் ஒரிஸாவின் பாலசோர் கடற்கரையிலும் அப்பிராணி வாழ்கிறது என்பது நேயர்களுக்கு வியப்பளிக்கக்கூடும்.

அமெரிக்காவில் நிகழ்ந்தது தனித்ததோர் சம்பவமன்று. அதற்கு ஏழு வருஷங்களுக்கு முன்னர், 2005-ம் வருஷத்தில், சுனாமி வெள்ளத்தின் பின்விளைவுகள் தீராதிருந்த காலத்தில், கொழும்பு நகரில் பிரசவத்திற்காக முதுகில் மயக்க ஊசி பெற்ற ஐந்து பெண்கள் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையினால் மூளைச் சவ்வு நோயுற்றனர். அவர்களுள் சிலர் மாண்டனர். மருத்துவச் சாமான்களை ஈரக்கசிவுள்ள இடங்களில் நெருக்கிச் சேமித்துவைத்ததே காரணமாயிருக்கலாமென்று விசாரணை செய்தோர் கருதினர். மெக்ஸிகோவின் துராங்கோ நகரில் 2022-ம் வருஷத்தில் பியுஸேரியம் என்னும் பூஞ்சையினால் இவ்வாறே மாண்டவர்கள் முப்பதுக்கு மேற்பட்டோர்; பெரும்பாலோர் பிரசவத்திற்காகச் சென்ற பெண்கள். 2023-ம் வருஷத்தில் அதே நாட்டின் மட்டமோரஸ் நகரத்து இரண்டு சிகிச்சை நிலையங்களில், மலிவாகச் சிகிச்சை பெறலாமென்று எல்லை தாண்டிச் சென்ற அமெரிக்கப் பெண்களும் இக்கதிக்கு ஆளாயினர். அப்போதும் பீட்டா குளூகான் பரீட்சையே பலருக்கு முதல் எச்சரிக்கையைத் தந்தது. குழந்தையைப் பெற்றெடுக்கச் சென்ற தாய் குழந்தையை விட்டுப் பிரிவதைக் காட்டிலும் ஒரு சுகாதார நிர்வாகத்துக்கு இழிவு வேறு என்ன இருக்கமுடியும்?

இவ்வளவு கூறியதால் இப்பரீட்சைகளைச் சர்வரோக நிவாரணி போல் நாம் புகழ்கிறோமென்று நினைக்கவேண்டாம். நியாயஸ்தலத்தில் ஒரு சாட்சி எவ்வளவு யோக்கியனாயினும் அவனுக்குத் தெரிந்ததையே அவன் கூறமுடியும். பீட்டா குளூகான் பரீட்சை, பூஞ்சை உண்டென்று கூறுமேயன்றி எப்பூஞ்சை என்று கூறாது. கிரிப்டோகாக்கஸை அது நம்பத்தக்க வகையில் காட்டுவதில்லை. சிகிச்சையில் உபயோகிக்கும் சில துணிக்கட்டுகளும், இரத்தத்திலிருந்து செய்யப்படும் சில மருந்துகளும் இல்லாத நோயை உள்ளதுபோல் காட்டச் செய்வதுமுண்டு. ஆகவே பரீட்சையின் முடிவைச் சாட்சியமாகக் கொள்ளவேண்டுமேயன்றித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. தீர்ப்பு கூறவேண்டியவர் நோயாளியின் அருகில் நிற்கும் வைத்தியரே.

இதற்குத் தக்க உதாரணம் நமது நாட்டிலேயே 2021-ம் வருஷத்தில் கிடைத்தது. கொரோனாவின் இரண்டாம் அலையில், சர்க்கரை வியாதியும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்து பலரைப் பலவீனப்படுத்த, கறுப்புப் பூஞ்சை என்று ஜனங்கள் அழைத்த மியூகர் நோய் மூக்கில் தொடங்கிக் கண்ணுக்கும் மூளைக்கும் பரவிற்று. அவ்வருஷம் ஜூலை மாதத்திற்குள் நோயுற்றோர் 45,000-க்கு மேற்பட்டனர். மாண்டோர் 4,000-க்கு மேற்பட்டனர். தமிழ்நாடு சர்க்கார் மே மாதத்திலேயே இதை அறிவிக்கவேண்டிய நோயாகப் பிரகடனம் செய்தது. இப்பூஞ்சை விஷயத்தில் பீட்டா குளூகான் பரீட்சை வாய் திறப்பதில்லை. ஏனெனில் இதன் உடற்சுவரில் அப்பொருள் மிகச் சொற்பம். அச்சமயம் கைகொடுத்தது பழைய பூதக்கண்ணாடியும், பொட்டாஷ் காரம் கலந்த ஒரு கண்ணாடித் தகடும், அதை நோக்கி நிர்ணயிக்கத் தெரிந்த வைத்தியரின் கண்ணுமேயாகும். புதிய பரீட்சையை வாங்கிவிட்டோம், பூஞ்சை நூல் கற்றவர் இனித் தேவையில்லை என்று எந்தச் சர்க்காராவது நினைக்குமாயின், அது மியூகர் கற்பித்த பாடத்தை மறந்ததாகும்.

அதே வருஷத்தில் மற்றொரு பாடமும் நமக்குக் கிடைத்தது. ஆம்போடெரிஸின் என்னும் மருந்துக்காக ஜனங்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். மத்திய சர்க்கார் மேலும் ஐந்து கம்பெனிகளுக்கு லைசென்ஸ் அளித்தது. ஜூன் மாதத்தில் அதன் மீதிருந்த வரியையும் நீக்கியது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால், தீப்பற்றிய பின்னர் கிணறு வெட்டும் இவ்வழக்கம் எந்நாள் ஒழியும்? நோயைக் கண்டறிந்தும் மருந்தில்லையெனின் அப்பரீட்சை, தூக்குத்தண்டனையை முன்கூட்டி வாசித்துக்காட்டும் காரியமே அன்றி வேறில்லை.

மருந்தைப் பற்றிப் பேசும்போது தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த ஓர் அறப்போரை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. புளூகோனசோல் மருந்தின் உரிமை பைஸர் கம்பெனியிடம் இருந்தது. அதன் விலை ஏழைகளுக்கு எட்டாததாயிருந்தது. 2000-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஸாக்கி அக்மத் என்னும் தொண்டரும், சிகிச்சை உரிமைக்காகப் போராடிய அவரது சங்கத்தாரும் தாய்லாந்துக்குச் சென்று, அதே மருந்தைப் பன்மடங்கு குறைந்த விலைக்கு வாங்கி, சட்டத்தை மீறுகிறோமென்று பகிரங்கமாக அறிவித்துத் தம் நாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மருந்தில்லாது இறந்த தம் தோழர் கிறிஸ்டோபர் மொராக்காவின் பெயரை அவ்வியக்கத்துக்குச் சூட்டினார்கள். காந்தியடிகள் முதன்முதல் சத்தியாக்கிரகம் நடத்திய மண்ணிலே, உப்புக்குப் பதிலாக மாத்திரையை ஏந்தி நடந்த சத்தியாக்கிரகம் அது. தண்டியில் எடுத்த பிடி உப்பின் விலை என்ன? அதன் பின்னால் நின்ற கொள்கையின் விலை என்ன? இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைத் தமிழ்நாட்டுத் தேசபக்தர்களுக்கு நாம் விளக்கவேண்டுவதில்லை.

அன்று மாத்திரைக்கு நேர்ந்ததே இன்று மற்ற மருந்துகளுக்கும் நேர்ந்துவருகிறது. புளூஸைட்டோஸின் என்னும் மருந்து 1957-ம் வருஷத்தில் செய்யப்பட்டது. அதன் தனியுரிமைக் காலம் எப்போதோ கழிந்துவிட்டது. ஆயினும், இந்நோய் மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளில் அது நெடுங்காலம் கடைகளில் கிடைக்கவேயில்லை. காரணம் இரகசியமானதன்று. வாங்குவோர் ஏழைகள், இலாபம் குறைவு, ஆகவே பதிவு செய்து விற்க எக்கம்பெனியும் முன்வரவில்லை. போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே என்னும் ஐந்து நாடுகளில் நடந்து 2022-ம் வருஷத்தில் வெளியான பெரிய ஆராய்ச்சி, கொழுப்புறையில் இட்ட ஆம்போடெரிஸினை ஒரே முறை அதிக அளவில் செலுத்தி, உடன் இம்மாத்திரைகளையும் கொடுத்தால் போதுமென்று நிரூபித்தது. உலக சுகாதார ஸ்தாபனம் அவ்வருஷமே அதை ஏற்றுக்கொண்டது. கிலியட் கம்பெனி ஏழை நாடுகளுக்கென 2018-ம் வருஷத்தில் அறிவித்த விலை குப்பி ஒன்றுக்கு 16.25 டாலர். 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு 12 குப்பிகள் வேண்டும்; அதாவது 195 டாலர். அதிலும் பத்து வாரத்திற்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பேர் இறந்தே போயினர். ஆகவே சிறந்த மருந்தும் தாமதத்தை முழுவதும் ஈடுசெய்வதில்லை. முன்கூட்டிய பரீட்சையே உயிர்காக்கும் முதற்படி என்பது இதனால் விளங்கும்.

இத்தகைய நிலையில், 2025-ம் வருஷம் ஜனவரி 20-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்திவைக்கும்படி உத்தரவிட்டார். அவ்வருஷம் ஜூலை முதல் தேதியோடு, அவ்வுதவியை நிர்வகித்து வந்த இலாகாவே தனி ஸ்தாபனமாக இல்லாதொழிந்தது. ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. சிகிச்சையின் பெரும்பகுதி அவ்வுதவியை நம்பி நின்றது. சிகிச்சை தடைப்பட்டால் எதிர்ப்புச் சக்தி குன்றும்; எதிர்ப்புச் சக்தி குன்றினால் பூஞ்சை மூளையை அடையும். வாஷிங்டனில் இட்ட ஒரு கையெழுத்துக்கும் மலாவி கிராமத்து நோயாளியின் தலைவலிக்கும் இவ்வளவு நெருங்கிய சம்பந்தம் ஏற்பட்டிருக்கிறது. அமெரிக்க ஜனங்கள் பல வருஷங்களாகச் செய்த உதவியை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் தானம் என்பது கொடுப்பவன் இஷ்டம். உரிமை என்பது பெறுபவன் பலம். பிறர் தானத்தின் மேல் கட்டிய சுகாதாரம் மணல்மேற் கட்டிய வீடு என்பதற்கு இதனினும் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

நமது தேசம் அந்நிலையில் இல்லை என்பது உண்மையே. மருந்து செய்து உலகுக்கு அளிக்கும் திறமை நமக்கு உண்டு. சிறந்த பூஞ்சை ஆராய்ச்சிசாலை சண்டிகரிலே இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. பரவியிருப்பதை 1986-ம் வருஷத்தில் முதன்முதல் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவியுமேயாவர். இரத்தத்தைச் சோதித்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அந்நோய் நம் நாட்டில் இல்லையென்று பலர் நம்பியிருந்த காலத்தில், தேடினாலன்றித் தெரியாது என்று தேடிப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த மனோபாவமே இப்போதும் வேண்டும். தேடாத நோய் கணக்கில் வருவதில்லை. கணக்கில் வராத நோய்க்குப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவாரில்லை. பணம் ஒதுக்காத நோயைத் தேடுவாரில்லை. இவ்விஷச் சக்கரத்தை எங்கேனும் ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும்.

சுத்தமான ஜலமும், க்ஷயரோகச் சிகிச்சையும் இன்னும் எல்லோருக்கும் கிட்டாதிருக்கையில், பூஞ்சைப் பரீட்சைக்குப் பணம் செலவிடுவது தகுமா என்று சில கனவான்கள் ஆக்ஷேபிக்கலாம். இவ்வாக்ஷேபம் நல்லெண்ணத்திலிருந்து பிறந்ததாயினும் விஷயம் அறியாததாகும். பூஞ்சை நோயாளிக்கு க்ஷயரோக மருந்தை மாதக்கணக்காக வீணே கொடுப்பதும், படுக்கையில் கிடத்தி வைத்துப் பரிபாலிப்பதும் செலவல்லவா? சில டாலர் பட்டையொன்றால் அச்செலவு மிஞ்சுமாயின், பரீட்சையே சிக்கனம், பரீட்சையின்மையே ஊதாரித்தனம்.

ஆகவே சர்க்காருக்கு நாம் கூறும் யோசனைகள் இவை. எச்.ஐ.வி. சிகிச்சை நடைபெறும் ஒவ்வொரு நிலையத்திலும், எதிர்ப்புச் சக்தி குன்றிய ஒவ்வொருவருக்கும் கிரிப்டோகாக்கஸ் பரீட்சை, கேட்காமலே செய்யப்படவேண்டும். விதியை அச்சிட்டுவிட்டால் மட்டும் போதாது. பட்டை தீர்ந்துபோகாமல் இருக்கவேண்டும். பீட்டா குளூகான் போன்ற கடினமான பரீட்சைகளைப் பெரிய மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் அமைத்து, ஜில்லா ஆஸ்பத்திரிகளிலிருந்து நீரை அன்றே அனுப்பி, முடிவைத் தாமதமின்றித் திரும்பப் பெறும் ஏற்பாடு வேண்டும். இப்பட்டைகளையும் மருந்துகளையும் சுதேசத்திலேயே செய்து, சர்க்காரே மொத்தமாக வாங்கி, கையிருப்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஊசி மருந்துகளும் ஊசிகளும் செய்யப்படும் இடத்தையும் சேமிக்கப்படும் இடத்தையும் இடைவிடாது சோதிக்க வேண்டும். பூஞ்சை நூல் கற்ற வைத்தியர்களை அதிகமாகப் பயிற்றுவிக்க வேண்டும். இவற்றுள் எதுவும் செய்தற்கரிய காரியமன்று.

சர்க்கார் செய்யுமென்று காத்திருப்பது மட்டும் தேசத்தொண்டர்களுக்கு அழகன்று. ஒவ்வொரு ஜில்லாவிலுமுள்ள ஊழியர்கள் தங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று மூன்று கேள்விகள் கேட்கட்டும். கிரிப்டோகாக்கஸ் பட்டை இன்று அலமாரியில் இருக்கிறதா? மூளைச் சவ்வு நோயாளியின் முதுகெலும்பு நீரைப் பற்றிய முடிவு எத்தனை மணி நேரத்தில் வைத்தியர் கைக்கு வருகிறது? நோய் நிர்ணயமானால் ஆம்போடெரிஸினும் புளூஸைட்டோஸினும் அங்கேயே கிடைக்குமா, அல்லது நோயாளியின் மனைவி சீட்டை ஏந்திக்கொண்டு கடைதோறும் அலையவேண்டுமா? கிடைக்கும் விடைகளைத் தேதியிட்டு எழுதிச் சட்டசபை அங்கத்தினரிடம் கொடுக்கட்டும். மூன்று மாதம் கழித்து மீண்டும் சென்று கேட்கட்டும். கேள்வி கேட்பாரில்லாத இலாகாவில் அலமாரி காலியாகவே இருக்கும். தம் உயிருக்குக் கேள்வி கேட்க நாதியற்றவர்களுக்காக நாம் கேட்காவிடில், ஜனநாயகம் என்று நாம் பேசுவதற்குப் பொருளில்லை.